ஆப்பிள் போட்ட அயிலைக் குழம்பு

ஒரு பிளக்ஸ் போர்டுக்காகத்தான் சுயம்புராஜின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆவணி மாதம், அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ரோட்டின் ஒரு பக்கத்துப் போர்டில் முத்துநாயகத்தின் குடும்பம் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றது. எதிர்ப் பக்கத்துப் போர்டில் பழக்கடைத் தாணுலிங்கத்தின் குடும்பம். தாணுலிங்கத்தின் முகம் ஒரு சாண் பெரிதாக இருந்ததுதான் குற்றம். அம்மன் இரண்டு போர்டிலும் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தாள், அதைப் பற்றி ஒருத்தனுக்கும் வருத்தமில்லை. வில்லுப்பாட்டு தொடங்குகிற நேரத்தில், கொஞ்சம் சரக்கு உள்ளே விட்டிருந்த முத்துநாயகத்தின் மூத்த மகன் சுயம்புராஜ், சவர பிளேடால் தாணுலிங்கத்தின் முகத்தைக் குறுக்கே கிழித்தான். கிழிந்தது போர்டு முகம்தான். ஆனால் முகத்துக்குச் சொந்தக்காரன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அஞ்சுகிராமத்தில் பழக்கடை வைத்திருக்கிற தாணுலிங்கத்தின் பைக்கில் வாழைக்குலை வெட்டுகிற கத்தி எப்போதும் கிடக்கும். அதைக் கழுத்தைப் பார்த்துத்தான் வீசினான். சுயம்புராஜ் கையைக் குறுக்கே நீட்டியதால் கழுத்து தப்பியது. மோதிர விரலும் சுண்டு விரலும் தப்பவில்லை. அடுத்த வெட்டு முழங்கையில் எலும்பு வரைக்கும் இறங்கியது. அதற்கு மேல் ஓங்கும்போது ஆட்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள், அவன் உதறிவிட்டு ஓடிவிட்டான். சுயம்புராஜின் தம்பி மனைவி சபிதா பக்கத்திலேயே மகள் நந்தனாவுக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் புதுப் பாவாடையில் ரத்தம் தெறித்தது. வில்லுப்பாட்டுக்காரர் மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் சுயம்புராஜ் போட்ட அலறலை ஊர் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது.

விரல்களைத் தேடி எடுத்து ஐஸ் வண்டிக்காரன் பெட்டியில் வைத்து நாகர்கோவிலுக்குக் கொண்டு போனார்கள். ஒட்ட வைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஜேசிபி ஓட்டிப் பிழைக்கிறவன், பெண் பார்த்துப் பார்த்தே நாற்பது தாண்டியவன், கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தான்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் ஊர்ச் சட்டம். அந்தக் கையில் ஆப்பிள்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடுத்த பிரிவு. காய்ச்சலா, ஆப்பிள். கர்ப்பப்பை ஆபரேஷனா, ஆப்பிள். விரல் போனவனுக்கு ஆப்பிள் என்ன செய்யும் என்று கேட்டால் கேட்டவனைத்தான் பைத்தியக்காரன் என்பார்கள். இரணியல் சொந்தக்காரர்கள், ஜேசிபிக்காரர்கள், கல்யாணத்துக்கு மட்டும் தலை காட்டுகிறவர்கள் எல்லாரும் ஆப்பிளோடு வந்தார்கள். ஆஸ்பத்திரி அலமாரி நிறைந்து, மிச்சம் வீட்டுக்கு வந்து, பிரிட்ஜ் நிறைந்து, சாப்பாட்டு மேசையும் நிறைந்தது. மூன்றாம் நாளே வீட்டில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனார் முத்துநாயகம் தொடக்கத்திலிருந்தே தொடவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி, அதோடு ஆப்பிளை அவர் ஒரு பழமாகவே மதிப்பதில்லை.

"சவத்த, ஆட்டுத் தீனி. கடிச்சா ஒரு ருசியும் இல்ல."

சபிதா போனைத் திறந்து தேடினாள். தேன் தடவிய குரலில் ஒரு பெண் வந்தாள். "ஹாய் வியூவர்ஸ், வீட்ல ஆப்பிள் நிறைய இருக்கா? கவலையே படாதீங்க. ரொம்ப ஈஸியா செய்யலாம். குடும்பமே விரும்பிச் சாப்பிடுவாங்க!" சபிதா அவள் சொன்னபடி பச்சடி வைத்தாள், அல்வா கிண்டினாள். நந்தனா நக்கித் தின்றாள். அடுப்பில் அல்வா கொதிக்க, கொல்லையில் மாமனார் அருவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். தேன்குரலுக்கு நடுவே அந்தக் கரகர சத்தமும் சேர்ந்து கேட்டது.

முத்துநாயகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரிடம் ஒரு கதை உண்டு. சபிதா கல்யாணமாகி வந்த நாள் முதல் அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. வாலிபத்தில் வயல் தண்ணீர்ச் சண்டையில் தோவாளைப் பக்கம் ஒருத்தனை வெட்டப் போனாராம். வேனல் வெயில். வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரக் கிழவி செம்பு நிறைய மோர் கொடுத்தாள். குடித்து வாயைத் துடைத்தபோது கிழவி உள்ளே பார்த்து "ஏலே மக்கா, யாரோ வந்திருக்காங்க பாரு" என்று கூப்பிட, வெளியே வந்தவன் இவர் தேடிப் போன ஆள். முத்துநாயகம் இடுப்பிலிருந்த அருவாளை எடுத்து அந்த வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கை நனச்ச வீட்டுல கை வைக்கப்படாது, கேட்டியா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நெனைக்காத குடும்பமாக்கும் இது."

கதை இதோடு முடிந்திருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அதற்கு ஒரு வால் உண்டு. அதைச் சொல்லும்போதுதான் தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

"மோரு குடிச்சது நானாக்கும். எனக்கத் தம்பி குடிக்கல்லியே! மறு வாரம் அவன் போனான். தலைய வேற, முண்டத்த வேறன்னு ஆக்கிட்டுத்தான் வந்தான். குடும்பத்துல ஒரு வயிறு மிச்சம் இருந்தாலும் பகை மிச்சம்தான், மக்கா."

அந்தத் தம்பி பாளையங்கோட்டை ஜெயிலில் ரத்தம் ரத்தமாகக் கக்கிச் செத்தார். அதைக் கதையில் சேர்க்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முத்துநாயகம் இளைய மகன் ராஜகுமாரை எதிரே உட்கார வைத்தார். ராஜகுமார் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கொடைக்கென்று லீவில் வந்தவன், அடுத்த வாரம் திரும்ப வேண்டியவன்.

"ஏலே ராசு, ஆளு எங்க கெடக்கான்னு தெரிஞ்சுபோச்சு. மயிலாடியில, சொந்தக்காரனுக்கச் சிலைப் பட்டறையில ஒளிஞ்சிருக்கான். திங்கக்கிழமை வக்கீலக் கூட்டிட்டுப் போயி கோர்ட்டுல சரணடையப் போறானாம். உள்ள போயிட்டா நமக்குக் கிட்டமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. மத்தியானம் சோத்தத் தின்னுட்டு எறங்குவோம்."

"சரிப்பா" என்றான் ராஜகுமார்.

"ரெண்டு விரலுக்கு ரெண்டு கை. தோளோட."

"சரிப்பா."

வாய்தான் சரி என்றது. மறுநாள் காலையில் பல் தேய்க்கக் குழாயடிக்குப் போனவன் பிரஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றதைச் சபிதா பார்த்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"அத்தான், போவாண்டாம். விசா போவும். உங்க சித்தப்பா போன எடத்துக்கே நீங்களும் போவியளா? எனக்கும் பிள்ளைக்கும் யாரு இருக்கா?"

"அப்பா மூஞ்சப் பாத்து எப்பிடிட்டி முடியாதுன்னு சொல்லுகது? அண்ணனுக்குக் கை போயிருக்கு. நான் போகல்லன்னா ஊருல என்னைய எதுல சேப்பாங்க?"

"அப்போ உங்களுக்குப் போவ மனசில்ல."

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். அதுவே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது. ஆசைப்பட்டு வெட்டப் போகிறவனைத் தடுப்பது கஷ்டம். பயந்துகொண்டு போகிறவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும், நின்றுவிடுவான். அந்தச் சாக்கு எங்கே கிடைக்கும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

சாக்கு அன்றைக்கே ஆட்டோவில் வந்தது. ஆண்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம். கொல்லை வாசலில் ஆட்டோ நின்றது. முக்காடு போட்ட ஒரு பொம்பிளை அட்டைப் பெட்டி ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். முக்காட்டை விலக்கியதும்தான் தெரிந்தது, தாணுலிங்கத்தின் அம்மா சண்முகவடிவு. சபிதாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

"எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு இங்க வந்திய?"

"மூஞ்சி இல்லாமத்தான் மக்கா கொல்லை வழியா வந்தேன்" என்றாள் சண்முகவடிவு. "வெட்டினவன் எனக்க வயித்துல பொறந்தவன். நான் என்னத்தச் சொல்ல? சுயம்புவப் போயிப் பாக்கணும்னு மனசு கெடந்து அடிக்கி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன், காலு ஏறல்ல. கடை அடச்சுக் கெடக்கு, சரக்கெல்லாம் அழுகுது. இருக்கதுல நல்லதாப் பொறுக்கிக் கொண்டாந்தேன். அவனுக்குக் குடு. வேண்டாம்னா குப்பையில போடு."

"எடுத்துட்டுப் போங்க. மாமா பாத்தா உங்களையும் சேத்து வெட்டுவாரு."

"என்னை வெட்டினா தீருமுன்னா வெட்டச் சொல்லு மக்கா. நான் ரெடி."

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். சபிதா ஆத்திரம் தாங்காமல் பெட்டியை ஓர் உதை விட்டாள். அட்டை பிளந்து ஆப்பிள்கள் கொல்லை முழுக்க உருண்டன. ஒன்று போய் மாமனார் அருவாள் தீட்டுகிற கல்லில் முட்டி நின்றது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் அவளுக்கு மோர் ஞாபகம் வந்தது.

கை நனைத்த வீட்டில் கை வைக்கக் கூடாது. பகையாளி வீட்டுப் பொருள் வயிற்றுக்குள் போனால் அருவாள் இறங்கிவிட வேண்டும். இது கிழவர் தன் வாயாலேயே ஊர் முழுக்கச் சொல்லி வைத்த சட்டம். சட்டத்தின் வாலையும் அவள் மறக்கவில்லை. ஒரு வயிறு மிச்சம் இருந்தாலும் பகை மிச்சம். அப்படியென்றால் மாமா தின்ன வேண்டும், அத்தான் தின்ன வேண்டும், கட்டிலில் கிடக்கிற மூத்தார் தின்ன வேண்டும். நாளைக்கு நந்தனா வளர்ந்து, அவளைக் கட்டிக்கொள்கிறவனை இவர்கள் ஏவி விடாமல் இருக்கப் பிள்ளையும் தின்ன வேண்டும். நாலு வயிறு. சபிதா விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆப்பிள்களைப் பொறுக்கித் தேங்காய் மட்டைக் கதம்பைக் குவியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஆப்பிள் மலிந்து கிடக்கிற வீட்டில் இன்னும் கொஞ்சம் ஆப்பிளை யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

அன்று சாயங்காலம் முத்துநாயகம் அருவாளைச் சோதித்துப் பார்த்தார். குலை தள்ளி முடிந்த வாழை ஒன்று கொல்லையில் நின்றது. ஒரே வீச்சு. தடி சத்தமில்லாமல் நழுவி விழுந்து நீர் வடித்தது. "இந்தா" என்று ராஜகுமாரிடம் நீட்டினார். அவன் வீசியது பாதியில் சிக்கிக்கொண்டது. கிழவர் அவன் பிடரியில் ஓங்கி ஓர் அடி வைத்தார், ரெண்டு தெரு தள்ளிக் கேட்டிருக்கும்.

"வாழையே அறுக்கத் தெரியல்ல. எலும்ப எப்பிடிலே அறுப்ப?"

பெண்டாட்டி பார்க்கப் பிடரியில் அடி வாங்கியவன் திரும்பத் திரும்ப வெட்டினான். கொல்லையில் நின்ற வாழையெல்லாம் சாயும் வரைக்கும் வெட்டினான். குலை தள்ளாத கன்றுகளையும் விடவில்லை. சபிதா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பயந்துகொண்டிருக்கிறவன் எந்த நிமிஷத்தில் வெறி பிடித்தவனாக மாறுவான் என்று சொல்ல முடியாது. நாளைக்கு மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதலில் பிரதமன் பாயசம் வைத்தாள். ஆப்பிளைத் தோல் சீவித் துருவி நெய்யில் வதக்கி, கருப்பட்டிப் பாகில் வேகவிட்டு, இரண்டாம் பாலும் முதல் பாலும் ஊற்றி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, தேங்காய்ச் சில்லு வறுத்துக் கொட்டினாள். பலாச் சக்கப் பிரதமன் தோற்றுப்போகும் வாசனை. பிளாஸ்க்கில் நிறைத்து ஆஸ்பத்திரிக்கு ராஜகுமாரிடம் கொடுத்துவிட்டாள். அங்கிருந்தே போன் வந்தது.

"அண்ணன் மொத்தமும் குடிச்சாச்சு. இன்னும் உண்டான்னு கேக்கான்."

ஒரு வயிறு. நந்தனா எழுந்ததும் இரண்டு கிண்ணம் குடித்தாள். இன்னொரு வயிறு. குடித்த கையோடு அவளைப் பக்கத்துத் தெரு ரேஷ்மி வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டாள். ராஜகுமார் எதை வைத்தாலும் தின்பான். கிழவர்தான் பாக்கி. இனிப்புத் தொடாதவர், ஆப்பிள் என்றால் ஆட்டுத் தீனி என்கிறவர். ஆனால் மீன் குழம்பு என்றால் சட்டியை வழிக்கிறவர். தேன்குரல்காரியிடம் இதற்குக் குறிப்பு கிடையாது. இதைச் சபிதாவே யோசித்துத்தான் செய்தாள்.

மீன்காரி வியாகுலம்மாளிடம் அயிலை வாங்கினாள். தேங்காயும் சின்ன உள்ளியும் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வைத்து அம்மியில் வெண்ணெயாக அரைத்தாள். பெட்டியின் அடியில் கிடந்த முற்றாத கல்லுக் காய்களாகப் பார்த்து எடுத்துத் தோல் தெரியாமல் சீவி, மாங்காய்த் துண்டு மாதிரியே சாய்த்து நறுக்கி, இனிப்பு இறங்கட்டும் என்று உப்புப் போட்ட புளித் தண்ணீரில் ஊற வைத்தாள். குழம்பு கொதித்து மீன் பாதி வெந்ததும் துண்டுகளைப் போட்டாள். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுப் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றி இறக்கினாள். மிச்ச ஆப்பிளில் கடுகு அரைத்துத் தயிர் விட்டுப் பச்சடி மாதிரிக் கிச்சடி ஆக்கினாள். பெட்டியில் பாதி அழுகிப்போன ஒன்றுதான் பாக்கி. அதை அடுத்த வீட்டு ஆட்டுக்கென்று கொல்லைச் சுவரில் வைத்தாள்.

கொலைக்குப் போகிறவனுக்கும் மத்தியானம் பசிக்கத்தான் செய்கிறது. அப்பாவும் மகனும் குளித்து, திருநீறு பூசி, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அருவாள்கள் இரண்டும் சாக்கில் சுற்றிக் கதவோரம் சாத்தியிருந்தன. சபிதா சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். முத்துநாயகம் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

"மாங்காயா? ஆவணியில ஏது மாங்கா?"

"சீசன்ல நறுக்கி ஐஸ் பெட்டியில போட்டு வச்சிருந்தேன், மாமா."

"ஒரு இனிப்புக் கட்டுது."

"பழுக்கப் போன மாங்காய்."

அவர் மென்றார். அவளைப் பார்த்தார். இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டார். "ம், அயிலைக்கு எடுப்பாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு துண்டு போடு" என்று தட்டை நகர்த்தினார். அவருக்கு வைத்து, ராஜகுமாருக்கு வைத்து, மறுசோறு கேட்டதற்கும் ஊற்றினாள். சட்டி வழித்தெடுத்த மாதிரி ஆயிற்று. ராஜகுமார் பிரதமனை மடமடவென்று குடித்தான். கசாயம் குடிக்கிற முகம்தான்.

கை கழுவிவிட்டு வந்து முத்துநாயகம் சாக்கை எடுத்தார். சபிதா வாசல் நிலையில் வந்து நின்றாள்.

"மாறு" என்றார்.

"குழம்பு நல்லாருந்தா, மாமா?"

"இப்போ அதுக்கா நேரம்? வழிய விடுட்டி."

"அதுல கெடந்தது மாங்காய் இல்ல. ஆப்பிளாக்கும்."

கிழவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "மீன் குழம்புல ஆப்பிளா? கிறுக்குப் பிடிச்சுப்போச்சா உனக்கு?"

"சண்முகவடிவு கொண்டாந்து தந்த ஆப்பிள். நேத்துக் கொல்லை வழியா வந்து, வெட்டுப்பட்டவனுக்குக் குடுன்னு அழுதுட்டு வச்சிட்டுப் போனா. நீங்க அவிய வீட்டுல கை நனச்சாச்சு, மாமா. இனி அங்க கை வைக்கப்படாது."

சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோயிற்று. சாக்கைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். தொண்டைக்குள் விரலை விட்டு ஓக்காளித்தார். எச்சிலும் கொஞ்சம் சோறும் வந்ததே தவிர குழம்பு வரவில்லை. இரண்டு கண்ணும் சிவக்கத் திரும்பி வந்தவர், அவள் கொண்டையைக் கொத்தாகப் பிடித்தார். நிலைக் கட்டையில் முகத்தைக் கொண்டு மோதினார். ஒரு தடவை, மறு தடவை. உதடு பிளந்தது. முன்பல் ஒன்று ஆடி நாக்கில் பட்டது. கீழே விழுந்தவளை இடுப்பில் மிதித்தார்.

"எனக்க வாயில வந்த கதைய வச்சே என்னைக் கட்டிப்போட்டியா? பகையாளி எச்சில எனக்க வயித்துல கொட்டினியா, மூதேவி?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயால் கெட்ட தவளை இங்கே ஊரான் வீட்டுப் பெண்ணை மிதித்துக்கொண்டிருந்தது. ராஜகுமார் சுவரோடு ஒட்டி நின்றான். இரண்டு கையையும் தோளோடு எடுக்கப் புறப்பட்டவனுக்கு, பெண்டாட்டியை மிதிக்கிற காலைப் பிடிக்கக் கை வரவில்லை. சபிதா அவன் முகத்தைப் பார்த்தாள். அழுகையும் இருந்தது, வெட்கமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், தப்பித்தோம் என்கிற ஒரு மூச்சும் இருந்தது. அந்த மூச்சைப் பார்த்ததும் அவளுக்கு வலி பாதி குறைந்தது. மறு பாதி இரண்டு மடங்காயிற்று.

மூச்சு வாங்கி நின்ற முத்துநாயகம் ஏதோ ஞாபகம் வந்தவராகக் கேட்டார். "சுயம்பு?"

"காலையில குடிச்சது அதே ஆப்பிள் பிரதமன்தான்."

"பிள்ளை?"

"ரெண்டு கிண்ணம் குடிச்சா."

"இவன் தின்னத நானே பாத்தேன்." அவர் மேசையைப் பார்த்தார். வழித்த குழம்புச் சட்டி, காலியான பிரதமன் உருளி. எச்சில் தட்டு இரண்டுதான் கிடந்தது. மெதுவாக அவளிடம் திரும்பினார். கண்ணில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. "நீ தின்னியா?"

அவள் தின்னவில்லை. அந்த வீட்டில் அவள் என்றைக்கும் கடைசியில்தான் தின்பாள், மிச்சம் இருந்தால். நாலு வயிறு, நாலு வயிறு என்று எண்ணியவள் தன் வயிற்றை எண்ணவே இல்லை. குடும்பம் என்றால் அதில் தானும் உண்டு என்பது ஒரு தடவைகூட அவள் கணக்கில் வரவில்லை.

முத்துநாயகம் தொடையைத் தட்டிச் சிரித்தார். சாக்கை உதறி அருவாளை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"ஒரு வயிறு மிச்சம் இருக்கு பாத்தியா? எனக்கத் தம்பி மாதிரி. நாங்க தின்னுட்டோம், நாங்க வரப்படாது. நீ திங்கல்ல. நீ போ. எந்தி. கார்ல ஏறு, ராசு ஓட்டுவான். நீ வெட்டு. இல்லன்னா நீ செஞ்ச சமையல் எல்லாம் வெறும் சமையல்தான், கட்டு ஒண்ணும் இல்ல. அவ திங்கல்ல, பகை மிச்சம்னு சொல்லிச் சொல்லியே இவனக் கூட்டிட்டுப் போவேன்."

அவள் எழுந்தாள். அருவாள் கனமாக இருந்தது. நேற்று அறுத்த வாழைப் பால் அலகில் கறுத்துக் கிடந்தது. ஒரு கணம், முழுசாக ஒரு கணம், அவளுக்கு மயிலாடி வரைக்கும் போக வேண்டிய தேவையே இல்லை என்று தோன்றியது. கழுத்து பக்கத்திலேயே இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. கை தானாக ஓங்கியது. சிரிப்பு நின்றது. முத்துநாயகம் ஓர் அடி பின்னால் வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் பின்னால் வைத்த முதல் அடி அதுவாகத்தான் இருக்கும்.

ஓங்கிய அருவாளோடு சபிதா அவரைத் தாண்டிக் கொல்லைக்கு நடந்தாள். சாய்ந்து கிடந்த வாழைகளுக்கு நடுவே கால் வைத்துப் போய், சுவரின் மேல் ஆட்டுக்கென்று வைத்த ஆப்பிளை எடுத்தாள். அருவாள் தீட்டுகிற கல்லில் வைத்து ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது. உள்ளே பாதி கறுத்துச் சீழ் மாதிரிக் கசிந்தது. கிழவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏலே ராசு, அவளப் பிடிலே! வாயில வைக்க விடாதே!"

கத்திக்கொண்டே அவரே பாய்ந்து வந்தார். அவள் முடியைப் பிடிக்க நீட்டிய கையை, இந்தத் தடவை, பின்னாலிருந்து ராஜகுமார் பிடித்தான். "விடுலே" என்று கிழவர் உதறினார். மறு கையால் மகன் முகத்தில் அறைந்தார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவன் பிடியை விடவில்லை.

சபிதா நல்ல பாதியையும் அழுகல் பாதியையும் பிரிக்கவில்லை. முழுசாக வாயில் திணித்தாள். பிளந்த உதட்டில் பட்டுத் தீயாக எரிந்தது. ஆடிய பல்லால் கடிக்க முடியாமல் கடைவாய்க்குத் தள்ளினாள். அழுகலும் ரத்தமும் சேர்ந்து குமட்டியது. குமட்டக் குமட்ட மென்றாள். கொட்டையையும் விடவில்லை. விழுங்கிவிட்டு, அருவாளை அவர் காலடியில் போட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் தின்னாச்சு. இனி யாரு மிச்சம், மாமா?"